ஐந்து விரலுக்கு ஐந்து இலக்கம்



கடந்த மாரி காலத்தில் ஓர் இரவு. முல்லைத்தீவு மாவட்டத்தின் கரையோரக் கிராமம் ஒன்று. இரண்டு மணியளவில் ஆறு வயதுப் பேரனுக்கு முட்டு இழுக்கத் தொடங்கிவிட்டது. வீட்டில் இருந்தவர் அம்மம்மா ஒருவர் மாத்திரமே. பிள்ளையின் தாய் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக வேலை செய்கிறார். வெளியே காற்றும் மழையும். மின்சாரம் இல்லை. மகள் விடுமுறையில் வந்தபோது வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் போன் தலையணைக்குக் கீழே இருந்தது. அதில் சார்ஜும் இருந்தது, ரீலோட்டும் இருந்தது. ஆனாலும் அந்த அம்மாவால் ஒருவரையும் அழைக்க முடியவில்லை.

"வாற கோலைக் கதைக்கத் தெரியும் பிள்ளை. பச்சையைத் தள்ளினால் சரி. நான் எடுக்கிறதெண்டால்தான் ஏலாது. அதுக்குள்ள நூறு பேர்ட பேர் கிடக்கு. எல்லாம் இங்கிலீசில. கண்ணாடியும் கையில அம்பிடேல்ல. தேடத் தேட லைட் நிண்டுபோச்சு" என்று பின்னர் எம்மிடம் சொன்னார்.

கடைசியில் பிள்ளையைத் தோளில் போட்டு, படங்குத் துண்டால் மூடிக்கொண்டு, மழைக்குள்ளே அயல் வீட்டுக்கு ஓடினார். அங்கிருந்தவர்கள் 1990 இலக்கத்திற்கு அழைத்தார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்த அம்மாவின் மனதில் ஒரு பயம் தங்கிவிட்டது. "அவையளும் அண்டைக்கு வீட்டில இல்லாட்டி?" என்ற கேள்விதான் அது.

அவருடைய கேள்விக்கு விடை அவருடைய போனுக்குள்ளேயே இருக்கிறது. வேண்டியவருடைய படத்தை ஒரு தரம் தொட்டால் அழைப்புப் போகும்படி செய்து வைக்கலாம். இதற்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு பின்னேரம் ஒதுக்கினால் போதும். அதை எப்படிச் செய்வது என்பதையே இம்மாதம் பார்க்கப் போகிறோம்.

எமக்கு இது ஏன் முக்கியம்?

ஒரு காலத்தில் நாம் இலக்கங்களை மனதில் வைத்திருந்தோம். கொப்பியின் பின்பக்கத்திலும் எழுதி வைத்தோம். இடம்பெயர்ந்த ஒவ்வொரு தடவையும் அந்தக் கொப்பிகள் தொலைந்தன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடற்கோளில் சில போயின. 2009இல் எல்லாவற்றையும் விட்டு வெளியேறியபோது மிச்சமும் போயின. செட்டிகுளம் முகாம்களில் உறவினரின் ஓர் இலக்கத்தைக் கண்டுபிடிக்க நாம் பட்ட பாட்டை இன்றும் மறக்கவில்லை.

இன்று இலக்கங்கள் போனுக்குள் பத்திரமாக இருக்கின்றன என்று நினைக்கிறோம். ஆனால் அவசரத்தில் கைக்கு வராத இலக்கம் இருந்தும் பயனில்லை. குடும்பத்தைத் தனியே கொண்டு நடத்தும் எம்மில் பலருக்கு இரவில் எழுப்புவதற்கு வேறு ஆள் இல்லை. சிலருக்குப் பார்வை குறைவு. சிலருக்கு ஷெல் காயத்தால் ஒரு கை இல்லை, அல்லது விரல்கள் சரியாக மடங்குவதில்லை. சிலருக்கு எழுத்து வாசிப்பது கடினம். இவர்கள் எல்லோருக்கும் ஒரே தொடுகையில் போகும் அழைப்பு பெரிய உதவி.

முதலில் ஐவரைத் தெரிவு செய்வோம்

போனைக் கையில் எடுக்க முன்னர் ஒரு கடதாசியை எடுங்கள். உங்கள் இடது கையை அதன்மேல் வைத்துச் சுற்றிக் கோடு வரையுங்கள். ஒவ்வொரு விரலிலும் ஒரு பெயரை எழுதுங்கள்.

பெருவிரலில், ஐந்து நிமிடத்தில் உங்கள் படலைக்கு வந்து சேரக்கூடிய அயலவர். சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. கூப்பிட்டால் எழும்பி வருபவராக இருந்தால் சரி.

சுட்டுவிரலில், இரவிலும் வரக்கூடிய ஓட்டோக்காரர். அவரிடம் முன்கூட்டியே கேட்டு, சம்மதம் பெற்று எழுதுங்கள்.

நடுவிரலில், உங்கள் குடும்பத்தில் முடிவு எடுக்கக்கூடிய ஒருவர். மகன், மகள், சகோதரி, யாராகவும் இருக்கலாம்.

மோதிரவிரலில், மனம் விட்டுக் கதைக்கக்கூடிய ஒரு தோழி. நோயும் விபத்தும் மட்டும் அவசரம் அல்ல. தனிமையும் சில இரவுகளில் அவசரம்தான்.

சின்னிவிரலில் 1990. இது சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவையின் இலக்கம். 2016இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பமான இச்சேவை 2018 ஜூலை மாதம் வடக்கிற்கு வந்தது. இதற்கு நீங்கள் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இவற்றைவிட வேறு சில இலக்கங்களையும் போனில் பதிந்து வைப்பது நல்லது. பொலிஸ் 119. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. சிறுவர்களுக்கான உதவி இலக்கம் 1929. அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. மனநல உதவிக்கு 1926.

இலக்கத்தைச் சரியாகப் பதிதல்

பெயரைத் தமிழில் எழுத முடிந்தால் தமிழிலேயே எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு படம் போடுங்கள். அவர்களுடைய முகத்தைப் போனாலேயே படம் எடுத்துப் போடலாம். ஓட்டோக்காரருக்கு ஓட்டோவின் படம், 1990க்கு அம்புலன்ஸின் படம் என்று வைத்தால் எழுத்து வாசிக்கத் தேவையில்லை.

உள்நாட்டு இலக்கத்தை 0இல் தொடங்கி பத்து இலக்கமாக எழுதலாம். அல்லது 0ஐ விட்டு, முன்னால் +94 சேர்த்து எழுதலாம். இரண்டையும் கலந்து +940 என்று எழுதினால் அழைப்புப் போகாமல் விடலாம். வெளிநாட்டில் இருப்பவருக்கு அந்நாட்டின் குறியீடு அவசியம். குவைத்துக்கு +965, கட்டாருக்கு +974, சவூதிக்கு +966. 1990, 119, 1938 போன்ற குறுகிய இலக்கங்களுக்கு முன்னால் எதையும் சேர்க்கக் கூடாது.

நட்சத்திரம் இடுதல்

எம்மில் பெரும்பாலானோர் வைத்திருப்பவை அன்ட்ரோயிட் வகைப் போன்கள். தயாரிப்பைப் பொறுத்துச் சொற்களும் இடங்களும் கொஞ்சம் மாறலாம். வழி ஏறக்குறைய ஒன்றுதான்.

1. 'கொன்டாக்ட்ஸ்' என்ற பகுதியைத் திறவுங்கள்.
2. வேண்டியவரின் பெயரைத் தொடுங்கள்.
3. அவருடைய பக்கத்தில் ஒரு நட்சத்திர அடையாளம் இருக்கும். அதைத் தொடுங்கள். நட்சத்திரம் நிறம் பெறும்.

இப்படி நட்சத்திரம் இட்டவர்கள் எல்லோரும் 'பேவரிட்ஸ்' என்ற இடத்தில் ஒன்றாக வந்து நிற்பார்கள். அழைப்பு எடுக்கும் பச்சை போன் அடையாளத்தைத் திறந்தால் அங்கே அவர்களைக் காணலாம். நூறு பேருக்குள் தேடத் தேவையில்லை. ஆனால் கண்ட எல்லோருக்கும் நட்சத்திரம் இட வேண்டாம். அப்படி இட்டால் மறுபடியும் சந்தைக் கூட்டத்தில் ஆளைத் தேடுவது போலாகிவிடும்.

நட்சத்திரத்தால் இன்னுமொரு நன்மை உண்டு. இரவில் நித்திரை குழம்பாமல் இருக்க 'டூ நொட் டிஸ்டர்ப்' என்பதைப் போட்டு வைப்பவர்கள், நட்சத்திரம் இட்டவர்களின் அழைப்பு மட்டும் மணி அடிக்கும்படி செய்துகொள்ளலாம். ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு மணிச் சத்தமும் வைக்கலாம். கண் தெரியாத சகோதரி ஒருவர் சத்தத்தை வைத்தே அழைப்பது யார் என்று அறிந்துகொள்வார்.

முகப்பிலேயே படம் வைத்தல்

இதுதான் ஒரே தொடுகை முறை.

1. போனின் முகப்புத் திரையில் ஒன்றும் இல்லாத வெற்றிடத்தில் விரலை வைத்துச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள்.
2. 'விட்ஜெட்' என்ற சொல் வரும். அதைத் தொடுங்கள்.
3. அதற்குள் 'கொன்டாக்ட்ஸ்' என்பதைத் தேடி, 'டிரெக்ட் டயல்' என்பதைத் தெரிவு செய்து திரையில் வையுங்கள்.
4. யாரை என்று கேட்கும். பெயரைத் தொடுங்கள். அனுமதி கேட்டால் கொடுங்கள்.

இனி அந்த முகம் திரையில் இருக்கும். தொட்டவுடன் அழைப்புப் போகும். ஒரு கையால் பாவிப்பவர்கள் இந்தப் படங்களைத் திரையின் கீழ்ப்பக்கத்தில், பெருவிரல் எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். போனைக் காதில் பிடிப்பது கஷ்டமென்றால் அழைப்புப் போனவுடன் ஸ்பீக்கரைத் தொடுங்கள்.

ஒரு கவனம். தொட்டாலே அழைப்புப் போகும் என்பதால் சின்னப் பிள்ளைகள் விளையாட்டாகத் தொட்டுவிடுவார்கள். ரீலோட் வீணாகும். 1990க்கும் 119க்கும் வீண் அழைப்புப் போனால் வேறொரு தாயின் அவசரம் தாமதமாகும். ஆகவே இப்படங்களை முதல் திரையில் வைக்காமல், ஒரு தரம் தள்ளினால் வரும் இரண்டாவது திரையில் வைப்பது நல்லது. பழகிப் பார்ப்பதற்கு அயலவரை அல்லது தோழியை அழையுங்கள். அவசர இலக்கங்களை ஒருபோதும் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம்.

பொத்தான் போன் வைத்திருப்போர்

பொத்தான் போன்கள் பலவற்றில் 'ஸ்பீட் டயல்' வசதி உண்டு. அங்கே 2 தொடக்கம் 9 வரையான ஒவ்வோர் எண்ணுக்கும் ஒருவரைக் கொடுத்து வைக்கலாம். பிறகு 2ஐ அழுத்திப் பிடித்தால் அவருக்கு அழைப்புப் போகும். 1 பெரும்பாலும் குரல் அஞ்சலுக்கென ஒதுக்கப்பட்டிருக்கும். சம்சுங் ஸ்மார்ட் போன்களிலும், அழைப்பு எடுக்கும் இடத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் இந்த ஸ்பீட் டயல் இருக்கிறது. விரலால் தடவிப் பொத்தானை உணரக்கூடியவர்களுக்குப் பொத்தான் போன்தான் இலகு என்றால் அதையே வைத்திருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

போன் பூட்டியிருந்தால்?

நீங்கள் மயங்கி விழுந்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். போனைக் கண்டெடுப்பவருக்கு உங்கள் பூட்டுத் தெரியாது. இதற்காகப் பல போன்களில் 'செட்டிங்ஸ்' உள்ளே 'சேஃப்டி அன்ட் எமேர்ஜென்சி' என்ற பகுதி உண்டு. அங்கே உங்கள் இரத்த வகை, நீரிழிவு போன்ற வருத்தங்கள், பாவிக்கும் மருந்துகள், அவசரத்தில் அழைக்க வேண்டியவர் ஆகிய விபரங்களைப் பதியலாம். பூட்டிய திரையிலும் காட்டலாம் என்று அனுமதி கொடுத்தால், பூட்டைத் திறக்காமலே மற்றவர்கள் உங்கள் உறவினரை அழைப்பார்கள். உடம்பில் ஷெல் துண்டுகளுடன் வாழும் சகோதரிகள் அதனையும் இங்கே எழுதி வையுங்கள். மருத்துவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு

வெளிநாட்டுக்கு நேரடி அழைப்பு எடுத்தால் ரீலோட் விரைவில் தீர்ந்துவிடும். வாட்ஸ்அப்பில் பேசுபவர்கள், மகளுடனான உரையாடலைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, 'மோர்' என்பதற்குள் 'அட் ஷோர்ட்கட்' என்பதைத் தெரிவு செய்யலாம். மகளின் முகம் முகப்புத் திரைக்கு வந்துவிடும். அதைத் தொட்டால் உரையாடல் திறக்கும். பிறகு அழைப்பு அடையாளத்தைத் தொட வேண்டும். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். டேட்டா இல்லாவிட்டால் வாட்ஸ்அப் போகாது. வாட்ஸ்அப்பில் 1990ஐயும் 119ஐயும் அழைக்க முடியாது.

இரண்டு சிம் பாவிப்போருக்கு

முதலில் குறிப்பிட்ட அந்த அம்மாவிடம் ஒரு பழைய சிம் இருக்கிறது. 2009இல் முகாமில் இருந்தபோது பெற்றது. அதை மாற்றச் சொல்லி மகள் பல தடவை சொல்லிவிட்டார். அம்மா மாற்றவில்லை. "மூத்தவனைத் தேடிக் குடுத்த எல்லாக் கடிதத்திலயும் இந்த நம்பர்தான் எழுதினனான். செஞ்சிலுவையிலயும் இதுதான், மனித உரிமையிலயும் இதுதான், பிறகு வந்த காணாமற்போன ஆக்கள்ட அலுவலகத்திலயும் இதுதான். நான் மாத்தினால், ஆரும் அவனைப் பற்றிச் சொல்ல எடுக்கேக்க ஆர் கதைக்கிறது?" என்று கேட்டார். அதற்கு மேல் நாம் என்ன சொல்ல முடியும்?

அவரைப் போன்ற தாய்மார் அந்தப் பழைய சிம்மைக் கைவிடத் தேவையில்லை. பெரும்பாலான ஸ்மார்ட் போன்களில் இரண்டு சிம் போடலாம். பழைய சிம்மை இரண்டாவதாகப் போடுங்கள். அதற்கும் இடையிடையே ரீலோட் செய்யுங்கள். நீண்ட காலம் ரீலோட் செய்யாமல் விட்டால் இலக்கம் செயலிழந்து, பின்னர் வேறொருவர் கைக்குப் போகக் கூடும்.

இரண்டு சிம் உள்ளபோது போன் ஒவ்வோர் அழைப்பிலும் 'எந்தச் சிம்?' என்று கேட்டு நிற்கும். இருட்டில் அந்தக் கேள்வியே தடையாகிவிடும். ஆகவே செட்டிங்ஸில் சிம் பகுதிக்குச் சென்று, அழைப்பு எடுப்பதற்கு ஒரு சிம்மைத் தெரிவு செய்து வையுங்கள். அப்போதுதான் ஒரு தொடுகை ஒரு தொடுகையாக இருக்கும். ஒரே பெயருக்கு இரண்டு இலக்கங்கள் இருந்தாலும், எது முதல் என்று தெரிவு செய்து வைக்க வேண்டும்.

உங்கள் போனை யார் பார்க்கிறார்கள்?

இதைச் சொல்லாமல் விட முடியாது. வீட்டிலேயே அடியும் அச்சுறுத்தலும் உள்ள சகோதரிகள், 1938 என்ற இலக்கத்தைத் திரையில் பகிரங்கமாக வைப்பது ஆபத்தாக முடியலாம். அவர்கள் அதைத் துணிக்கடை, தையல் அக்கா என்பது போன்ற வேறு பெயரில் பதியலாம். அழைத்த பின்னர் அழைப்புப் பட்டியலில் இருந்து அதை அழிக்கவும் மறக்க வேண்டாம். எல்லாவற்றையும் விட நல்லது, அந்த நான்கு இலக்கங்களை மனப்பாடம் செய்வது. மனதில் இருப்பதை யாரும் திறந்து பார்க்க முடியாது.

இன்னொன்று. காணாமற்போனவர் பற்றித் தகவல் இருக்கிறது, பணம் அனுப்புங்கள் என்று கேட்டு வரும் அழைப்புகளால் எமது தாய்மார் ஏமாந்திருக்கிறார்கள். அப்படி ஓர் அழைப்பு வந்தால் உடனே எதற்கும் சம்மதிக்க வேண்டாம். போனை வையுங்கள். உங்கள் ஐவரில் ஒருவரைத் தொட்டு அழைத்துக் கலந்து பேசுங்கள். ஆசை பெரிதாக இருக்கும்போது இன்னொருவரின் நிதானம் எமக்குத் தேவை.

கடதாசியை மறக்க வேண்டாம்

போன் தண்ணீரில் விழும். உடையும். சார்ஜ் இறங்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மின்சாரமும் தொலைத்தொடர்பும் இல்லாமல் பல இடங்கள் தவித்தன. ஆகவே நீங்கள் கை வரைந்து எழுதிய அந்தக் கடதாசியில் இலக்கங்களையும் எழுதுங்கள். ஒரு பிரதியைச் சுவரில் ஒட்டுங்கள். இன்னொன்றை அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி இருக்கும் சொப்பிங் பையில் சேர்த்துக் கட்டி வையுங்கள். ஓட வேண்டி வந்தால் முதலில் எதைத் தூக்குவது என்று எமக்கு எவரும் சொல்லித் தரத் தேவையில்லை. அந்தப் பையோடு இந்த இலக்கங்களும் வரட்டும்.

இத்தனையும் படித்துவிட்டு, 'இதெல்லாம் எனக்கு வராது' என்று இதழை மூடி வைத்துவிடாதீர்கள். உங்கள் மாதர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அரை மணித்தியாலத்தை இதற்கு ஒதுக்குங்கள். தெரிந்த ஒருவர் தெரியாத இருவருக்குக் காட்டிக் கொடுக்கட்டும். ஒன்று மட்டும்: அவர்களுக்காக நீங்களே செய்து முடித்துவிடாதீர்கள். அவர்களுடைய விரலே திரையைத் தொட வேண்டும். மூன்று தரம் தாமாகச் செய்து பார்த்தால்தான் நாலாம் தரம் இருட்டில் கை தானாகப் போகும்.

அந்த அம்மாவின் போனில் இப்போது ஐந்து படங்கள் இருக்கின்றன. பேரனே உட்கார்ந்து படம் எடுத்துக் கொடுத்தானாம். பழைய சிம் இரண்டாவது இடத்தில் இருக்கிறது. மாதம் தவறாமல் அதற்கும் ரீலோட் போடுகிறார். அன்று நாம் விடைபெறும்போது எமது கையில் இருந்த போன் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தால் அவருடைய இலக்கம். திண்ணையில் இருந்தபடியே சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியளே பிள்ளை, நானும் எடுப்பன்" என்றார்.